முற்றத்தில் நாலு ‘பனை’, ஒரு ‘பைன்’: பலகையில் தமிழில் என்ன எழுதுவது?

கடலோரக் காணி | செவ்வாய், இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை நிலாவெளியில் ஐந்து அறை உள்ள சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர் முற்றத்து மரங்களைக் காட்டி “இது என்ன, அது என்ன” என்று கேட்டபடியே இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றுக்கும் மும்மொழியில் ஒரு பலகை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். எழுதுகிறவர் வெள்ளிக்கிழமை வருகிறார். ஆங்கிலப் பெயர்கள் பூக்கன்றுக் கடைச் சீட்டில் இருக்கின்றன. சிங்களத்தைக் குசினியில் நிற்கும் தம்பி பார்த்துக்கொள்வார். தமிழ்தான் என் பொறுப்பு. சீட்டைப் பார்த்து இப்படி எழுதினேன்:

பயணிகள் பனை, சேகோ பனை, அரிகா பனை, குதிரைவால் பனை, திருகுப் பைன்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தா. “எட தம்பி, ஒரு பனையும் இல்லாத வளவுக்குள்ள நாலு பனை நட்டுப்போட்டியே! அந்தக் கடைசி என்ன, வேலியோரத் தாழையையா சொல்லுறாய்?”

சிரிப்பு நியாயம்தான். ஆனால் அம்மா சொல்வதும் முழுக்கச் சரியா என்று தெரியவில்லை. இதில் உண்மையில் பனை எது, பனையல்லாதது எது? தமிழில் என்ன எழுதலாம்? தென்னைக்குப் பலகை வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

திருக்கடலூரான் | செவ்வாய், இரவு 8.52

தென்னைக்குத்தான் முதலில் பலகை வேண்டும். “கீழே படுக்காதீர்கள்” என்று.

வந்தாறுமூலைக்காரி | செவ்வாய், இரவு 9.30

அண்ணா, நான் தாவரவியல் படித்தவள், இப்போது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பெயரை ஒரு பக்கம் வையுங்கள். நாளைக் காலையில் ஒவ்வொரு மரத்தின் குருத்தையும் பாருங்கள். பூவும் காயும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, குருத்தே சொல்லிவிடும்.

பனைக் குடும்பத்து ஓலை குருத்திலேயே மடிப்பு மடிப்பாக இருக்கும். சேலைக்குக் கொசுவம் வைத்த மாதிரி. விரிந்தபிறகு அந்த மடிப்புகள் வழியே கிழிந்துதான் தனித்தனி ஓலைத் துண்டாகிறது. தென்னங்குருத்தை எடுத்துப் பிரித்தவர்களுக்கு இது தெரியும். பனை, தென்னை, கமுகு, ஈச்சு, கித்துள் எல்லாம் இப்படித்தான்.

வாழை வகையில் இலை பாய்ச் சுருள் போலச் சுருண்டு வரும். கொசுவம் இருக்காது. பிறகு காற்றுத்தான் கிழிக்கும்.

சேகோ பாம் என்று விற்கிறார்களே, அதில் புதிய இலை வரும்போது ஒவ்வொரு சிற்றிலையின் நுனியும் நத்தை ஓடு மாதிரி உள்ளே சுருண்டிருக்கும். பன்னம் (ஃபெர்ன்) விரிவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சாயல்.

தாழைக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. நீண்ட வாள் இலை, இரு விளிம்பிலும் நடு நரம்பின் அடியிலும் முள். இலைகள் தண்டைச் சுற்றி மூன்று வரிசையாகத் திருகிக்கொண்டு ஏறும். ஆங்கிலக்காரர் ‘திருகு’ என்றது அதைத்தான். ‘பைன்’ என்றது காய் அன்னாசி மாதிரி இருப்பதால்.

கடலோரக் காணி | புதன், காலை 7.15

பார்த்துவிட்டேன். பக்கத்து அறையில் தங்கியிருந்த ஜெர்மன்காரரும் கூடவே வந்து எட்டிப் பார்த்தார்.

வாசலில் நிற்கும் பயணிகள் மரத்தின் குருத்து ஈட்டி மாதிரி நீளமாக, இறுக்கமான சுருள். நுனியை விரலால் கொஞ்சம் விரித்தேன், பாய் விரிகிற மாதிரியே விரிந்தது. மடிப்பே இல்லை. தொட்டிகளில் உள்ள இரண்டு சேகோவில் ஒன்றில் புதுத் தளிர் வந்திருக்கிறது, மெல்லிய பழுப்பு மயிர் படர்ந்து. சிற்றிலை ஒவ்வொன்றும் தலையைக் குனிந்து சுருட்டி வைத்திருக்கிறது. தங்கச்சி சொன்னது அச்சொட்டு.

அரிகாவில் கொசுவம் இருக்கிறது! ஆகவே அம்மா ஒரு மரத்தில் தோற்றுவிட்டா. சொன்னேன். “அதில பாக்குக் காய்க்கட்டும், பிறகு பார்ப்பம்” என்கிறா.

பழைய வாத்தி | புதன், காலை 9.05

தம்பி, வாசலில் நிற்பது விசிறி வாழை. உவர்மலைப் பக்கத்துப் பழைய துரைமார் வீட்டு முற்றங்களில் நான் சின்ன வயதில் பார்த்த மரம் அது. பங்களா வேலைக்குப் போனவர்கள் வைத்த பெயர்தான். மடகாஸ்கரிலிருந்து வந்தது. வாழைக்குக் கிட்டிய உறவு என்று இப்போது தாவரவியலார் சொல்கிறார்கள். ஆங்கிலப் பெயரில் ‘பாம்’ இருக்கிறது, ஆனால் அது பாம் இல்லை. நம் ஆட்கள் புத்தகம் பார்க்காமல் வாழை என்றார்கள், அது சரியாகிவிட்டது. இலையைக் கண்டார்கள், சுருளைக் கண்டார்கள், வரிசையாக நிற்கும் தண்டை விசிறி என்றார்கள். இரண்டே சொல்.

உங்கள் ‘பயணிகள் பனை’யில் தமிழ்க் கண் ஒன்றும் இல்லை, ஆங்கிலச் சீட்டுத்தான் இருக்கிறது. கோபிக்க வேண்டாம்.

இன்னொன்று. ஒரு மரத்தை இன்னொரு மரத்தின் பெயரால் அழைப்பது நமக்குப் புதிதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ‘வீழ் இல் தாழை’ என்று வருகிறது. வீழ் என்றால் விழுது. விழுது இல்லாத தாழை எது? தென்னை! அந்த வரியிலேயே அதன் ‘குழவித் தீநீர்’ வருகிறது, அதாவது இளநீர். புலவர் கடற்கரையில் நின்று இரண்டையும் பார்க்கிறார். இரண்டுக்கும் ஓலை, இரண்டும் மணலில். ஒன்றுக்குக் கால் கால் ஆக விழுது ஊன்றியிருக்கிறது, மற்றதற்கு இல்லை. உங்கள் வேலியோரத்தில் இன்றைக்கும் அதே காட்சிதானே.

பனிக்குள் பனை | புதன், இரவு 7.20

டொரோண்டோவிலிருந்து எழுதுகிறேன். படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறை ஆங்கிலத்தில் ‘பாம்’ ஞாயிறு என்பார்கள். யாரும் அதைத் தமிழில் பனை ஞாயிறு என்று சொல்லவில்லை. குருத்தோலை ஞாயிறு. எங்கள் ஊரில் அன்றைக்குக் கையில் இருந்தது தென்னங்குருத்து, அதையே சொல்லிவிட்டார்கள். மாமா அதைச் சிலுவையாகவும் கிளியாகவும் பின்னித் தருவார். இங்கே கோவிலில் பொட்டலத்தில் வந்த காய்ந்த ஓலைத் துண்டு தருகிறார்கள். பின்னப் போனால் முறிகிறது.

ஆனால் ஒரு கேள்வி. பலகை வைப்பதென்றால் சரியான அறிவியல் பெயரைத்தானே வைக்க வேண்டும்? ஊருக்கு ஒரு பெயர் என்றால் குழப்பம் தீராது. விசிறி வாழை சரியாக அமைந்தது தற்செயல்.

கிண்ணியா நானா | புதன், இரவு 8.10

அறிவியல் பெயரும் எழுதட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் நீங்கள் தொலைவில் இருக்கிறீர்கள், நான் பலகையின் கீழே நிற்கப்போகிறவன்.

மரத்துக்கு வருவோம். விசிறி வாழையின் தண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய மாதிரி இருக்கும், அந்தக் குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கும். வழிப்போக்கர் அதைக் குடித்தார்கள் என்றுதான் பயணி என்ற பெயர். காணி அண்ணன், அதில் எட்டிப் பார்த்தீர்களா? எங்கள் கிண்ணியாவை 2017இல் டெங்கு உலுக்கி எடுத்தது. அதற்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தால் சிரட்டை, டயர், பூச்சாடி மட்டுமில்லை, இலைக்கக்கத்திலும் டோர்ச் அடிப்பார். நுளம்புக் குடம்பி துள்ளிக்கொண்டு நிற்கும். பயணி குடிக்கிறாரோ இல்லையோ, நுளம்பு குடும்பம் நடத்தும். மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை குழாயைப் பிடித்து அடித்துக் கழுவிவிடுங்கள்.

ஈச்சைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் நோன்பு திறக்க வாங்குவதை ஈத்தம்பழம் என்போம், கடையில் பேரீச்சம்பழம் என்று எழுதியிருக்கும். காட்டு ஈச்சின் சின்னக் கறுத்தப் பழத்தைத் தின்று வளர்ந்தவர்கள், அரபு நாட்டுப் பெரிய பழத்தைக் கண்டதும் முன்னால் ‘பேர்’ போட்டார்கள். அவ்வளவுதான் வேலை. காத்தான்குடிப் பிரதான வீதியில் இப்போது அந்தப் பேரீச்சை மரங்களே வரிசையாக நிற்கின்றன.

ஈச்சந்தீவு மருமகள் | புதன், இரவு 8.45

நானா, ஈச்சை விட்டால் எங்கள் ஊரே இல்லை. ஈச்சந்தீவு, ஈச்சிலம்பற்று, இரண்டும் இந்த மாவட்டம்தான். ஆனால் எனக்கு இப்போது ஊர்ப்பெயரைவிட அவசரமான ஒன்று சொல்ல வேண்டும்.

காணி அண்ணா, சேகோ தொட்டி இரண்டும் எங்கே இருக்கின்றன? நாயோ சின்னப்பிள்ளையோ நடமாடுகிற இடமா?

போன வருடம் நானும் ஒன்று வாங்கினேன். “பாம் வகை அக்கா, வெயிலுக்கு நல்லாத் தாங்கும், தண்ணியும் கனக்கத் தேவையில்லை” என்று விற்றவர் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் நாய்க்குட்டிக்கு நாலு மாதம். அடித்தண்டை நோண்டி, இளந்தண்டைக் கடித்துப்போட்டுது. பின்னேரம் வாயால் நுரை, இரவெல்லாம் சத்தி. விடிய அது எழும்பவே இல்லை, கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. மிருக வைத்தியர் “வீட்டில் என்ன மரம் இருக்கு” என்றுதான் முதலில் கேட்டார். படத்தைக் காட்டினேன். மூன்று நாள் சேலைன் ஏற்றிப் பிழைத்தது. ஈரல் பழுதாகுமாம், பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாதாம்.

பனைதானே என்று நினைத்தேன். பனையில் எது கெடுதல் செய்யும்? நுங்கு தின்கிறோம், கிழங்கு தின்கிறோம், முளைத்த பனங்கொட்டைக்குள் இருக்கும் பூரான் தின்கிறோம். பெயர் என்னை ஏமாற்றிவிட்டது.

கடலோரக் காணி | புதன், இரவு 9.00

ஐயோ அக்கா. தொட்டி இரண்டையும் இப்போதே மதிலுக்கு மேலே தூக்கி வைக்கப்போகிறேன்.

இதில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. சேகோ என்றால் சவ்வரிசி என்று அம்மாவுக்குச் சொன்னதே நான்தான். “தண்டை வெட்டினால் பாயசத்துக்கு ஆகுமோ” என்று போன கிழமைகூடக் கேட்டா.

வந்தாறுமூலைக்காரி | புதன், இரவு 9.55

வேண்டவே வேண்டாம் அண்ணா! அம்மாவுக்கு இப்போதே சொல்லுங்கள்.

சேகோ என்ற ஒரே பெயரில் மூன்று பொருள் ஓடுகிறது. முதலாவது, உண்மையான சேகோ மரம். இந்தோனேசியா, நியூகினிப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் நிசப் பனைக் குடும்பம். தண்டைப் பிளந்து உள்ளே இருக்கும் மாவைக் கழுவி எடுப்பார்கள். ‘சவ்வரிசி’க்குள் இருக்கிற சாவகம் (ஜாவா) அந்தப் பக்கத்து நினைவு. இரண்டாவது, நம் கடையில் பைக்கற்றில் இருப்பது. சேலம் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவில் உருட்டியது, அதில் எந்தப் பனையும் இல்லை. மூன்றாவது, உங்கள் தொட்டியில் இருப்பது. பெயர் சைக்கஸ் ரெவலூட்டா, ஊர் தெற்கு ஜப்பான். பஞ்சகாலத்தில் அங்கேயும் தண்டிலிருந்து மா எடுத்தார்கள், அதனால் சேகோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நஞ்சு நீக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. செடி முழுவதும் நஞ்சு, விதையில் மிக அதிகம்.

சைக்கஸ் பனையுமில்லை, பூக்கும் தாவரமும் இல்லை. பைன் மாதிரிக் கூம்பு வைக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. 1896இல் ஜப்பானிய ஆய்வாளர் இக்கேனோ இந்த இனத்தில்தான் நீந்தும் விந்தணுவைக் கண்டார், பன்னத்தில் இருப்பது போலவே. அவ்வளவு பழைய வம்சம். பனைகள் பிறகு வந்தவை. வெளித்தோற்றம் மட்டும் ஒன்றாகிவிட்டது: கிளையில்லாத தண்டு, உச்சியில் ஒரு கொத்து இலை.

நம் நாட்டிலும் சைக்கஸ் இருக்கிறது. உலர்வலயக் காட்டில் நிற்கும், சிங்களத்தில் மடு என்பார்கள். விதையைப் பல நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, பிறகுதான் மாவாக்குவார்கள். தமிழ் நாட்டு மருந்துக்கடையில் ‘மதனகாமப்பூ’ என்று விற்பது இந்த இனத்து ஆண் கூம்பின் செதில்தான். பூவே இல்லாத செடிக்குப் பூ என்று பெயர்! எதற்கு விற்கிறார்கள் என்பதைப் பெயரே சொல்லும், நான் விளக்கப்போவதில்லை.

திருக்கடலூரான் | புதன், இரவு 10.02

விளக்குங்கள் தங்கச்சி, அறிவுக்குத்தானே.

பழைய வாத்தி | புதன், இரவு 10.10

திருக்கடலூரான், பிரம்பு எடுக்கட்டுமா?

உளிச்சத்தம் | வியாழன், காலை 6.30

நான் தச்சன், சாம்பல்தீவு. எழுத்து அவ்வளவு வராது, ஆனால் இந்த இழையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. மரத்தை வெளியே பார்த்தே பேசுகிறீர்கள். வெட்டிப் பாருங்கள்.

வேம்பு, முதிரை, பாலை எதை வெட்டினாலும் வைரம் நடுவில் இருக்கும், வெளியே வெளிறு. பனையையும் தென்னையையும் அறுத்தால் தலைகீழ். வெளிவட்டம் கறுத்த வைரம், உளி துள்ளும். உள்ளே போகப்போகச் சோத்தி, கையால் கிள்ளலாம். கூரைக்குக் கைமரம் எடுக்கிறவன் வெளிப்பலகையை எடுத்துக்கொண்டு உள்ளுடலை எறிவான். முழுப் பனையைக் குடைந்து தண்ணீர் ஓடும் பீலி செய்வதும் இதனால்தான் முடிகிறது, உள்ளே மென்மை.

இன்னொன்று. எங்கள் வளவில் ஒரு தென்னை. ஏறுவதற்கு அப்பாச்சி காலத்தில் கொத்திய படி இருக்கிறது. ஆள் போய்விட்டார், படி அப்படியே. மாமரத்தில் கொத்தியிருந்தால் பத்து வருடத்தில் மூடிக் கட்டியாகியிருக்கும். தென்னைக்குக் காயம் ஆறாது. என் மகன் இப்போது அதே படியில் கால் வைத்துத்தான் ஏறுகிறான். கொத்தின விளிம்பு மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது.

பழைய வாத்தி | வியாழன், காலை 8.20

உளிச்சத்தம் தம்பி, எழுத்து வராது என்று இனி ஒருநாளும் சொல்லாதீர்கள். தொல்காப்பியர் மரபியலில் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டீர்கள்:

புறக்காழ் அனவே புல்லென மொழிப
அகக்காழ் அனவே மரமென மொழிப

காழ் என்றால் வைரம். வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் கமுகும் மரமே இல்லை, புல்! அதனால்தான் அவற்றுக்கு இலை என்று சொல்வதில்லை. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்று தனிச் சொற்கள். வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை. ஒரு பிள்ளையும் இதை மாற்றிச் சொல்லாது, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

பனிக்குள் பனை தம்பிக்கு இதுதான் என் பதில். ஊர்ப்பெயர் தற்செயல் இல்லை. வைத்தவன் எதைப் பார்த்தான் என்று தேடுங்கள். ஒருவன் இலையைப் பார்த்தான், ஒருவன் வெட்டிப் பார்த்தான், ஒருவன் தின்று பார்த்தான்.

அப்புறம், பிரம்பும் பனைக் குடும்பம்தான். காட்டில் முள்ளால் கொக்கி போட்டு மரமேறும் கொடிப்பனை. முப்பத்தைந்து வருடம் கையில் வைத்திருந்தவன் எனக்கே ஓய்வுபெற்ற பிறகுதான் தெரியவந்தது.

கிண்ணியா நானா | வியாழன், காலை 8.35

அப்படியென்றால் நாங்களெல்லாம் பனையால் அடி வாங்கியவர்கள். உள்ளங்கை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது சேர்.

பனிக்குள் பனை | வியாழன், மாலை 6.40

சேர், ஒத்துக்கொள்கிறேன், பாதி. ஆனால் கூந்தற்பனைக்கு என்ன சொல்கிறீர்கள்? சிலர் கித்துளை அப்படிச் சொல்கிறார்கள், சிலர் தாளிப்பனையை அப்படிச் சொல்கிறார்கள். இரண்டும் முற்றிலும் வேறு மரம். கித்துளில் இலை மீன்வால் மாதிரி, பாணி காய்ச்சுவோம். தாளியில் ஒரு இலைக்குக் கீழே நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கலாம், அதில் ஏடும் எழுதினார்கள். ஈச்சந்தீவு அக்காவின் நாய்க்குட்டியும் ஒரு பெயரால்தானே செத்துப் பிழைத்தது?

வந்தாறுமூலைக்காரி | வியாழன், மாலை 7.05

கூந்தல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள் அண்ணா. கித்துளில் பூங்குலை சடை மாதிரித் தொங்கும். தாளியில் உச்சியில் மாபெரும் பூக்கொத்து விரிந்து நிற்கும், உலகத்தில் எந்தச் செடிக்கும் அவ்வளவு பெரிய பூங்கொத்து இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வளர்ந்து, ஒரே ஒருமுறை அப்படிப் பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். இரண்டு ஊரில் இரண்டு பேர் இரண்டு தலைமுடியைப் பார்த்திருக்கிறார்கள். குழப்பம் உண்மைதான், அதற்குத்தான் அறிவியல் பெயர்.

நாய்க்குட்டி விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் அங்கே ஏமாற்றியது ஊர்ப்பெயர் இல்லை, கடைப்பெயர். ‘பாம்’ என்று போட்டால் விலை ஏறும், ஓலை மாதிரி எது இருந்தாலும் போடுகிறார்கள். குதிரைவால் பாமும் அப்படித்தான். மெக்சிக்கோச் செடி. கஞ்சிக்குப் போடுகிற சாத்தாவாரி இருக்கிறதே, அதற்குச் சொந்தம். பனைக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

அரிகா பாம் இன்னும் மோசம். பனைக் குடும்பம்தான், ஆனால் அரிகா இல்லை. அரிகா என்பது நம் பாக்குக் கமுகின் அறிவியல் பெயர். இது மடகாஸ்கர்ச் செடி, பற்றையாக வரும், மஞ்சள் தண்டு. அம்மாவிடம் சொல்லுங்கள், பாக்கு ஒருநாளும் காய்க்காது.

கடலோரக் காணி | வியாழன், இரவு 9.20

சொன்னேன். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம், வென்றுவிட்டாவாம். பிறகு எழும்பி வெளியே போய், விறாந்தை லைட் வெளிச்சத்தில் அந்தத் தண்டைத் தடவிப் பார்த்தா. வளையம் வளையமாகக் கணு இருக்கிறது, பாக்கு மரத்தில் இருப்பது மாதிரியே. “இது மஞ்சட் கமுகு” என்றா. ஒரு நொடியில் பெயர் வைத்துவிட்டா, எந்தச் சீட்டும் பார்க்கவில்லை.

குதிரைவாலைக் காட்டினேன். அடித்தண்டு உப்பி மண்ணுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதல்லவா. “வெங்காய மரம்.” குசினித் தம்பிக்குப் பிடிக்கவில்லை, விருந்தினர் ஓம்லெட்டுக்கு வெட்டிவிடுவார்களாம்.

தாழைக்கு அம்மாவிடம் கதையும் இருந்தது. பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் தாழம்பூ சிவனுக்கு ஆகாது. அதனால் கோணேசர் கோவிலுக்குப் போகும்போது அம்மாவின் அம்மா கொண்டையில் வைத்த தாழம்பூவைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாவாம். திரும்பி வந்து வைப்பாவாம். பெட்டகத்தில் சேலைகளுக்கு நடுவிலும் ஒரு மடல் கிடக்குமாம். ஆண் மரத்துப் பூவுக்குத்தான் அந்த மணம் என்று தங்கச்சி சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. “எங்கட வேலியில நிக்கிறது காய்க்கிறது, அது மணக்காது” என்றா.

ஒரு சின்ன ஆச்சரியம் வேறு. குசினிக்குப் பின்னால் நிற்கும் ரம்பையும் தாழைக் குடும்பமாமே? கறிக்குத் தாளிக்கிற அதே ரம்பை.

வந்தாறுமூலைக்காரி | வியாழன், இரவு 9.40

ஆம், ஒரே பேரினம். பூப்பது மிக அரிது, பக்கக்கன்று பிரித்துப் பிரித்தே வீடு வீடாக வந்தது. அதற்கும் ஒரு பலகை அடியுங்கள்.

ஈச்சந்தீவு மருமகள் | வியாழன், இரவு 9.48

சைக்கஸ் பலகையில் நஞ்சு என்று மும்மொழியிலும் எழுதுங்கள் அண்ணா. பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

ஊர்ப்பெயர் பேச்சை எடுத்தேன், முடிக்காமல் விட்டேன். என் அப்பா தென்னமரவாடி. 1984இல் வெளியேறிய குடும்பம். தென்னைமரத்தால் வந்த பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டார். ‘தென்னவன் மரபு அடி’ என்பார், பாண்டியன் வழி வந்தவர்கள் என்று. திரும்பிப் போய்க் காணியைப் பார்த்த அன்றைக்கு மட்டும் தென்னவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எங்கள் தென்னை எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டு நடந்தார்.

உளிச்சத்தம் | வியாழன், இரவு 10.05

எத்தனை மிச்சம் அக்கா?

ஈச்சந்தீவு மருமகள் | வியாழன், இரவு 10.07

நாலு. ஒன்றில் கொத்தின படி இருந்தது.

கடலோரக் காணி | வெள்ளி, மாலை 5.30

பலகைகள் அடித்தாகிவிட்டன. கடைசியில் முடிவானது: விசிறி வாழை, சைக்கஸ் (நஞ்சு, சிவப்பில்), மஞ்சட் கமுகு, தாழை, ரம்பை. எல்லாவற்றிலும் கீழே சின்ன எழுத்தில் அறிவியல் பெயர், பனிக்குள் பனைக்காக. வெங்காய மரத்துக்குப் பலகை எழுதி, குசினித் தம்பி பிடிவாதம் பிடித்ததால் கழற்றி வைத்திருக்கிறேன்.

படம் போடுகிறேன், பாருங்கள்.

கிண்ணியா நானா | வெள்ளி, மாலை 5.41

வடிவாக இருக்கிறது அண்ணன். முதலாவது பலகையைக் கொஞ்சம் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள்.

பழைய வாத்தி | வெள்ளி, மாலை 5.44

தம்பி, அது ‘விசிறி வாளை’ என்று இருக்கிறது.

கடலோரக் காணி | வெள்ளி, மாலை 5.46

ஐயோ. ஆள் போய்விட்டார். பெயின்றும் காய்ந்துவிட்டது.

திருக்கடலூரான் | வெள்ளி, மாலை 5.50

கழற்ற வேண்டாம் அண்ணா. நாளை விடிய வலை இழுத்ததும் ஒரு கூடை சாவாளை மீன் கொண்டுவந்து கீழே வைக்கிறேன். ஜெர்மன்காரருக்கு விசிறியும் கிடைக்கும், வாளையும் கிடைக்கும்.